ஆயில் கூடினா சந்தோஷப்படாதீங்க

வண்டியில ஆயில் குறைஞ்சா யாருக்கும் பயம் வரும். கீழ ஒழுகுதா, புகையில போகுதான்னு தேடுவோம். ஆனா ஊத்துன அளவை விட ஆயில் கூடியிருந்தா? எங்க அப்பா சந்தோஷப்பட்டாரு. "பழைய வண்டின்னு சொல்றாங்க, பாரு பாப்பா, ஒரு சொட்டு குடிக்கல" என்று கேஜ் குச்சியைத் தூக்கிக் காட்டினாரு. மேல் கோட்டையும் தாண்டி ஆயில் நின்னுச்சு.

எஞ்சினுக்கு ஆயிலை உற்பத்தி பண்ணத் தெரியாது. ஏறுதுன்னா உள்ளே வேற ஏதோ வந்து சேருதுன்னு அர்த்தம். தண்ணியா, ஹைட்ராலிக் ஆயிலா, டீசலா என்பதுதான் கேள்வி. தண்ணி கலந்தா ஆயில் மோர் மாதிரி வெளுக்கும். சில டிராக்டர்கள்ல ஹைட்ராலிக் பம்ப்பை எஞ்சினே சுத்தும். அதோட சீல் போனா ஹைட்ராலிக் ஆயில் உள்ள வரும், அளவு ஏறும், ஆனா பெருசா நீர்த்துப்போகாது. டீசல் கலந்தா நீர்க்கும், நாத்தமும் காட்டிக்கொடுக்கும்.

அந்த நாத்தத்தை முதல்ல பிடிச்சது அம்மா. அம்மா வேலை பார்க்கிறது ஒரு ஃபயர் ஆபீஸ்ல. வெளியூர்ப் பசங்களுக்காகச் சொல்றேன், சிவகாசிப் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலைக்குப் பேரே 'ஆபீஸ்'தான். எது பத்தும், எது பத்தாதுன்னு அங்க இருக்கிறவங்களுக்கு மூக்கிலேயே ஒரு கணக்கு உண்டு. ஆயுத பூஜைக்கு வண்டியைத் துடைச்ச பனியன் வேஸ்ட்டை எடுத்து மோந்துட்டு, "இதென்ன ஆயிலா டீசலா? அடுப்புப் பக்கம் கொண்டாராத"ன்னாங்க. லீவுக்கு வந்திருந்த எனக்கு அப்பத்தான் பொறி தட்டுச்சு. எஞ்சின் ஆயிலோட ஃபிளாஷ் பாயின்ட் 200 டிகிரிக்கு மேல. டீசலுக்கு இந்தியத் தர நிர்ணயம் கேக்கிற குறைந்தபட்சமே 35 டிகிரிதான். (அதுக்காக ஆயிலைச் சூடான தகட்டுல விட்டுப் பார்க்காதீங்க. தண்ணி இருக்கான்னு பார்க்க அது சரி. டீசல் இருக்குன்னு சந்தேகம் இருக்கிற இடத்துல வேண்டாம்.)

நேரம்தான் இடிச்சுச்சு. எங்க ஊரு கரிசக்காடு, வெம்பக்கோட்டையில இருந்து சாத்தூர் போற பக்கம். மானாவாரி. புரட்டாசிக் கடைசி, ஐப்பசியில மழை விழுந்து மண்ணு பதத்துக்கு வந்தா நாலஞ்சு நாள்தான். அதுக்குள்ள உழுது விதைக்கணும். முன்னாடி போனா சேத்துல டயர் புதையும், பிந்தினா கட்டி உடையாது. அந்த நாலஞ்சு நாள்ல அப்பா ராத்திரி பகலா ஒம்பது கொத்துக் கலப்பையோட வாடகைக்கு ஓட்டுறதுலதான் என் ஒரு செமஸ்டர் ஃபீஸே இருக்கு. தீபாவளி நெருங்குறதால அம்மாவுக்கும் அப்பத்தான் ஆபீஸ்ல வேலை நெருக்கும்.

மெக்கானிக் பெரியப்பாவைக் கூப்பிட்டோம். எங்க சொந்தம் இல்ல, ஊரே அவரைப் பெரியப்பான்னுதான் கூப்பிடும். ஆவணியில வண்டி வெள்ளைப் புகை விட்டப்போ மூணு நாசிலையும் கழட்டி டெஸ்டர்ல அடிச்சுப் பார்த்து மாட்டிக் கொடுத்தவரு. அதுக்கப்புறம் ஆயில் மாத்தி மூணு வாரம்தான் ஆகியிருந்துச்சு. குச்சியைப் பார்த்தாரு. "ரிங்கு தேஞ்சிருக்கு. எரியாத டீசல் ரிங்கு வழியா கீழ இறங்குது. எஞ்சினை இறக்கணும், நாப்பதாயிரத்துக்குக் குறையாது"ன்னாரு. அப்பா எதுவும் பேசல. சங்கிலியை அடகு வைக்கலாமான்னு அம்மாதான் கேட்டாங்க.

பெரியப்பா சொன்ன வழி இல்லாத வழி இல்ல. நாசில் சொட்டினா எரியாத டீசல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கிட்டு ரிங் தாண்டி ஆயில் சேம்பருக்குப் போகும். ஆனா ரிங் அந்த அளவுக்குத் தேஞ்சிருந்தா பிரீதர்ல புகை குப்குப்னு வரணும், நீலப்புகை வரணும், காலையில ஸ்டார்ட் ஆகத் திணறணும். எங்க வண்டி ஒரே சுத்துல பிடிச்சுக்குது. நாசிலும் இப்பத்தான் பார்த்தது.

டீசல் ஆயிலுக்குள்ள போறதுக்கு இந்த மாதிரி எஞ்சின்ல இன்னும் ரெண்டு வாசல் இருக்கு. ஒண்ணு ஃபீட் பம்ப். நம்ம ஊர்ல ஏசி பம்ப்னும் சொல்வாங்க. கேம் ஷாஃப்ட் ஒரு லீவரை ஆட்டும், லீவர் ஒரு ரப்பர் டயாப்ரத்தை இழுக்கும், ஸ்பிரிங் திருப்பித் தள்ளும். டயாப்ரத்துக்கு ஒரு பக்கம் டீசல், மறுபக்கம் நேரா எஞ்சின் உள்வயிறு. நடுவுல இருக்கிறது அந்த ரப்பர் ஒண்ணுதான். ரெண்டாவது வாசல் டீசல் பம்ப்போட ஷாஃப்ட் சீல். சுத்துற வகை பம்ப் டைமிங் கியர் பக்கமா உட்கார்ந்திருக்கும். சீல் போனா டீசல் டைமிங் கேஸுக்குள்ள கசிஞ்சு அப்படியே கீழ சேம்பருக்குப் போயிரும். வெளியே ஒரு சொட்டு தெரியாது.

எங்க வண்டி எந்தக் கம்பெனின்னு சொல்லப்போறதில்ல. முப்பது வருஷம் உழைச்ச ரப்பர் கிழியுறது கம்பெனி குத்தம் இல்ல. தவிர, இந்தப் பழைய டிராக்டர்கள்ல பலதும் ஏறக்குறைய ஒரே வம்சம். 1960ல சென்னையில தொடங்கின டாஃபே, மாஸி ஃபெர்குசன் டிராக்டரை இங்க கொண்டுவந்துச்சு. இங்கிலாந்து பெர்கின்ஸ் எஞ்சின்களை சிம்ப்சன் சென்னையிலேயே செஞ்சாங்க. அந்தத் தலைமுறை எஞ்சின் பலதைத் திறந்தாலும் இதே மாதிரி பம்ப்பும் இதே மாதிரி வாசலும்தான்.

முதல்ல டீசல்தான்னு உறுதி பண்ணணும். காகிதத்துல ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறது பழைய முறை. நல்ல ஆயில் நடுவுல கருப்பா நிக்கும், டீசல் கலந்திருந்தா சுத்தி வெளிறின வளையம் வேகமா அகலமாப் பரவும். எங்க ஊர்ல காகிதத்துக்குப் பஞ்சமா? தீப்பெட்டி லேபிள் அடிக்க ஆரம்பிச்ச அச்சுத் தொழில் இன்னிக்கு நாட்டுக்கே காலண்டர் அடிக்குது. ஆனா காலண்டர் படம் இருக்கிற ஆர்ட் பேப்பர் இதுக்கு உதவாது, மேல பூச்சு இருக்கும், உறிஞ்சாது. சாதா மேப்லித்தோ வேணும். புது ஆயில் ஒரு சொட்டு, வண்டி ஆயில் ஒரு சொட்டு, பக்கத்துல பக்கத்துல விட்டேன். வண்டி ஆயிலோட வளையம் ஒரு மணி நேரத்துல புதுசை விட ரெண்டு பங்கு அகலமாப் போயிருச்சு.

இது கண் பார்வை. எனக்கு எண் வேணும். அத்தை மகன் சிவகாசியில ஒரு ஆஃப்செட் பிரஸ்ல வார்னிஷ் பூசுற மெஷின்ல இருக்கான். அங்க வார்னிஷ் எவ்வளவு கெட்டின்னு பார்க்க ஃபோர்டு கப் வச்சிருப்பாங்க, பி4 கப். அடியில சின்ன ஓட்டை. விரலால அடைச்சு நிரப்பி, விரலை எடுத்து, ஓட்டம் அறுந்து சொட்டா மாறுற வரைக்கும் எத்தனை நொடின்னு எண்ணணும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேப்ல ரெட்வுட் விஸ்காமீட்டர் ஓட்டினீங்கல்ல, அதோட ஏழைச் சித்தப்பா. ஞாயித்துக்கிழமை இரவல் வாங்கினேன். ஒரே நிழல்ல ரெண்டு ஆயிலையும் ரெண்டு மணி நேரம் வச்சிருந்து ஓட்டினேன், ஏன்னா சூடு மாறினா நொடியும் மாறிடும். புது ஆயில் 52 நொடி. வண்டி ஆயில் 30.

ஓடின ஆயில்ல கரி சேர்ந்து கொஞ்சம் கெட்டியாகத்தான் செய்யும். நீர்த்திருக்குன்னா சந்தேகமே வேண்டாம். எவ்வளவு டீசல்னு ஒரு தோராயக் கணக்கும் போடலாம். 15டபிள்யூ-40 ஆயில் 40 டிகிரியில சுமார் 110 சென்டிஸ்டோக். டீசல் 2ல இருந்து 4.5க்குள்ள, 3ன்னு வச்சுக்கோங்க. கலவையோட பாகுநிலைக்கு நேர் சராசரி சரிப்படாது, மடக்கைச் சராசரி எடுக்கணும். 10 சதவீதம் டீசல்னா 110 சுமாரா 77க்கு இறங்கும். 15ன்னா 64. கப்புல வந்த விகிதத்தைப் பார்த்தா 15க்குப் பக்கம்.

'இருந்தா என்ன, அதான் ஆயில் நிறைய இருக்கே'ன்னு அப்பா கேட்டாரு. கிராங்க் ஷாஃப்ட் பேரிங் மேல உட்காராது, ஆயில் படலத்துல மிதக்கும். அந்தப் படலத்தோட கனம் பாகுநிலையைச் சார்ந்தது. மதியம் முழு லோடுல கலப்பை இழுக்கும்போது ஏற்கெனவே சூட்டுல இளகின ஆயில் இன்னும் இளகி, உலோகமும் உலோகமும் உரசும். பெட்ரோல் எஞ்சின்ல கலக்குற பெட்ரோல் கொஞ்சமாவது ஆவியாப் போயிரும். டீசல் கொதிக்க ஆரம்பிக்கிறதே 180 டிகிரிக்குப் பக்கம், அதனால சேம்பர் சூட்டுல அப்படியே தங்கிடும். அளவு ரொம்ப ஏறினா இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆயில் பிரீதர் வழியாவோ ரிங் வழியாவோ மேல போய் எஞ்சின் தன் ஆயிலையே எரிச்சு ஓட ஆரம்பிச்சா, ஸ்டாப் லீவரை இழுத்தாலும் நிக்காது. அப்ப காத்து போற வாயைப் பலகையால மூடணும், கையால இல்ல. இது பழைய வண்டிக்கு மட்டும் உள்ள வியாதியும் இல்ல. 2020 ஏப்ரல்ல பி.எஸ். 6 வந்தப்புறம் டீசல் கார்ல கரி வடிகட்டியைச் சுத்தம் பண்ண கூடுதலா டீசல் அடிப்பாங்க. டவுனுக்குள்ளேயே ஓட்டினா அதுல கொஞ்சம் இதே மாதிரி ஆயில்ல வந்து நிக்கும்.

சரி, எந்த வாசல்? இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவு இல்ல. பல பழைய டிராக்டர் மாதிரி எங்க வண்டியிலயும் டேங்க் எஞ்சினுக்கு மேல. டேப் திறந்திருந்தா வண்டி நின்னாலும் டீசல் தன் எடையில கீழ அழுத்திக்கிட்டே இருக்கும். அப்பா வழக்கமா ராத்திரி டேப்பை மூடிருவாரு, சில நாள் மறந்துருவாரு. முதல் நாள் சாயங்காலம் வண்டியைச் சமமான தரையில நிறுத்தி, ஆயில் முழுக்க இறங்கட்டும்னு மூணு மணி நேரம் கழிச்சு அளந்து, குச்சியில ஆணியால கீறி வச்சேன். டேப் மூடின ராத்திரி. காலையில அதே கீறல்ல இருந்துச்சு. வண்டியை அசைக்கல. மறுநாள் ராத்திரி டேப்பைத் திறந்து விட்டோம். விடிஞ்சு பார்த்தா ஒரு நூல் ஏறியிருந்துச்சு.

இதுக்கு என்ன அர்த்தம்னு யோசிங்க. எஞ்சின் சுத்தவே இல்ல. சுத்தாத எஞ்சின்ல நாசில் டீசல் அடிக்காது. அப்ப ரிங் தேஞ்சிருந்தாலும் தேயாட்டியும் இந்த ஒரு நூலுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. மிச்சம் இருக்கிறது டயாப்ரமும் ஷாஃப்ட் சீலும்தான்.

பெரியப்பாகிட்ட சொன்னேன். கோவிச்சுக்குவாருன்னு நினைச்சேன், இல்ல. குச்சியை வாங்கிக் கீறலைக் கட்டைவிரலால தடவிப் பார்த்துட்டு, "ரெண்டு போல்ட்டுதானம்மா, கழட்டிருவோம்"ன்னு ஸ்பானரை எடுத்துட்டாரு. டீசல் பம்ப்பைக் கழட்டினா டைமிங் மார்க் பார்த்து மாட்டணும், பம்ப் கடைக்குக் கொண்டு போகணும். அதனால ஃபீட் பம்ப்தான் முதல்ல. உள்ள வர்ற டீசல் பைப்பை விடாம, பம்ப்பை மட்டும் எஞ்சின்ல இருந்து பிரிச்சு, லீவர் பக்கத்தைத் துணியால உலர்த்தித் துடைச்சாரு. வெளிய போற வாயை நான் கட்டைவிரலால அடைச்சுக்கிட்டேன். டேப்பைத் திறந்து லீவரைக் கையால அமுக்கினாரு. பத்து, பதினஞ்சு தடவை ஒண்ணும் இல்ல. அப்புறம் லீவர் முளைக்கிற இடத்துல ஈரம் மினுங்குச்சு. திரண்டு ஒரு சொட்டு விழுந்துச்சு. அப்புறம் விடாம விழுந்துச்சு. அப்பா சிரிச்ச சத்தத்துல அம்மா வெளிய வந்துட்டாங்க. (இது அழுத்தம் குறைஞ்ச பக்கம், அதனால கட்டைவிரல் வைக்கலாம். நாசிலுக்குப் போற பைப்புல எப்பவும் விரல் வைக்காதீங்க. அந்த அழுத்தத்துல டீசல் தோலைத் துளைச்சு உள்ள போயிரும். போனா சின்னப் புள்ளிதானேன்னு விடாம அப்பவே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.)

டயாப்ரத்தைப் பிரிச்சுப் பார்த்தோம். நடுத்தகடு உட்காருற ஓரத்துல அரை வட்டமா ஒரு வெடிப்பு. ரிப்பேர் கிட் விருதுநகர்ல 300 ரூபாய்க்குள்ள கிடைச்சுச்சு. பழைய ஆயிலை இறக்கி அளந்தேன். ஊத்தினது 7 லிட்டர், வந்தது எட்டேகால். ஒண்ணேகால் லிட்டர் டீசல், அதாவது 15 சதவீதம். ஃபோர்டு கப்பை நினைச்சு எனக்குக் கொஞ்சம் கர்வம்தான். ஃபில்டரையும் மாத்தினோம், அதுக்குள்ளேயும் அதே ஆயில்தானே நிக்கும். பேரிங் எதுவும் ஆகலைன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. எஞ்சின் சூடேறினப்புறம் ஆயில் பிரஷர் முள் எங்க நிக்குதுன்னு தினம் பார்க்கச் சொல்லியிருக்கேன். ஷாஃப்ட் சீலும் வயசான சீல்தான். அதனால டேப் திறந்த ராத்திரிச் சோதனையைப் புது ஆயில்லயும் ரெண்டு நாள் பண்ணினோம். கீறல் அசையல.

மூணாம் நாள் மழை விழுந்துச்சு. பதம் வர ரெண்டு நாள் ஆச்சு, அப்புறம் அப்பா வீட்டுக்குச் சாப்பிட மட்டும்தான் வந்தாரு.

இப்ப ஞாயிறுதோறும் குச்சியில இருந்து ஒரு சொட்டு, மேப்லித்தோ அட்டை ஒண்ணுல தேதி போட்டு வைக்கிறது அம்மா வேலை. படம் எடுத்து எனக்கு அனுப்புவாங்க. போன வாரம் ஒரே அட்டையில ரெண்டு சொட்டு இருந்துச்சு. ஒண்ணு நம்ம வண்டி. இன்னொண்ணு மேலத்தெரு மாமா வண்டியாம். அவருக்கும் ஆயில் கூடுதாம், சந்தோஷமா இருக்காராம்.