உப்பு எங்கே போகும்?

முப்பது வயதில் நொய்யல் கரையோரம் சின்னதாக ஒரு சாயப்பட்டறை வைத்திருந்தேன். சாயம் ஏற்றும் விஞ்ச் மெஷின் ரெண்டு, நாலு ஆள். நிறம் துணியில் பிடிக்கிறதா என்பது மட்டுமே அப்போது கவலை. கழிவை ஓடையில் விட்டோம். மழை வந்தால் ஆறு எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும் என்று நிஜமாகவே நம்பினேன்.

ஒரு நாள் மண்ணியல் படிக்கிற பிள்ளை ஒருத்தி, வாத்தியாரோடு பட்டறைக்கு வந்தாள்.

"ஏனுங்க ஐயா, ஒரு கிலோ துணிக்கு எவ்வளவு உப்புப் போடுவீங்க?"

"டார்க் கலருன்னா அரைக் கிலோ ஆகும் கண்ணு."

"அதுல துணியில எவ்வளவு தங்குமுங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அத்தனை வருசம் மூட்டை மூட்டையாகக் கொட்டியவன், ஒரு நாளும் அதைக் கேட்டுக்கொண்டதில்லை. உப்பு சாயத்தைப் பஞ்சுக்குள் தள்ளிவிடுவதோடு சரி, அலசும்போது முழுக்க வெளியே வந்துவிடும் என்றாள். என் போர் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து உப்பு அளக்கிற மீட்டரை முக்கினாள். நாலாயிரத்தைத் தாண்டியது. குடிக்கிற தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் உப்புதான் இருக்கலாம். வேறு வழியே இல்லாவிட்டால் 2000. அவள் என்னைக் குறை சொல்லவில்லை. பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் படம் போட்டாள்: மேலே மக்கிய பாறை, கீழே வெடிப்பு விட்ட கருங்கல். அந்த வெடிப்பில் இறங்கிய உப்பு லேசில் வெளியே வராது என்றாள். அந்தப் பில் புத்தகம் இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

எங்கள் நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992இல் திறக்கப்பட்டது. பாசனத்துக்குக் கட்டிய அணையில் எங்கள் சாயத் தண்ணீர் தேங்கியது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. அதன் பிறகுதான் கழிவு ஒரு சொட்டும் வெளியே போகாத சுத்திகரிப்பு இங்கே முறையாக நடைமுறைக்கு வந்தது. அண்ணா பல்கலைக்கழக வல்லுநர்கள் துணை நின்றார்கள். இன்று ஆர்.ஓ.வில் தண்ணீரைப் பிரித்து, உப்பையும் மீட்டு மறுபடி சாயத்துக்கே எடுக்கிறார்கள். படித்தவர்களும் நாங்களும் இருபது வருசம் முன்பே ஒன்றாக உட்கார்ந்து பேசியிருந்தால், கீழ்க்கரைக் குடியானவர்களின் கிணறுகள் பிழைத்திருக்கும்.

பட்டறை வைத்திருக்கிற தம்பிகளே, கல்லூரிப் பிள்ளைகள் மீட்டரோடு வந்தால் கேட்டைத் திறந்து விடுங்கள். முதலில் உங்கள் போர் தண்ணீரை அளந்து காட்டச் சொல்லுங்கள்.