பாற்கட்டிப் பலகை

விருந்து படைக்கும் முறைகள் உலகில் இரண்டு என்று கூறலாம். ஒன்று இலை முறை. மற்றது பலகை முறை.

இலை முறையை நாம் நன்கறிவோம். வாழையிலையை விரித்து, எதனை முதலில் இடுவது, எதனை எம்மூலையில் இடுவது, எவ்வளவு இடுவது என்பனவற்றையெல்லாம் படைப்போரே தீர்மானிப்பர். உண்போருக்குரிய உரிமை, போதுமென்று கையால் இலையை மறைப்பது ஒன்றே. அம்மறைத்த கையின் விரலிடுக்கிலும் ஒரு கரண்டி பாயசத்தை இறக்கிவிடுவதே யாழ்ப்பாணத்து உபசாரம். பலகை முறையோ இதற்கு நேர் எதிரானது. மரப்பலகை ஒன்றின்மேல் நாலைந்து வகைப் பாற்கட்டிகளும், அவற்றிற்கேற்ற சிறு கத்திகளும், பழங்களும், வாதுமைக் கொட்டைகளும் வைத்து, அதனை மேசையின் நடுவே விட்டுவிடுவர். வேண்டியவர் வேண்டியதை வேண்டிய அளவு வெட்டிக்கொள்ளலாம். ஒருவரையும் ஒருவரும் வற்புறுத்துவதில்லை. ஆனால், வற்புறுத்தாத அவ்விருந்திலும் ஒருவர் பசியோடு எழுந்து போகக்கூடும் என்பதைக் கனடா தேசத்திலே நாம் கண்டோம்.

2024ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், ரொறன்ரோ மாநகரின் ஸ்காபரோப் பகுதியில் வாழும் எம் தமக்கையார் இல்லத்தில் சிலநாள் தங்கியிருந்தோம். அந்நாட்டவர்க்கு அது இலையுதிர் காலம். மேப்பிள் மரங்கள் செம்மையும் பொன்மையுமாக நின்று, காற்று வீசுந்தோறும் தம் செல்வத்தை வீதியெங்கும் வாரி இறைத்துக்கொண்டிருந்தன. அறுவடை முடிந்து களஞ்சியம் நிறையும் அப்பருவத்திலே ‘நன்றி கூறும் நாள்’ என்றொரு பெருநாளை அவர்கள் கொண்டாடுகின்றனர். 1879 தொடக்கம் ஆண்டுதோறும் கொண்டாடப்பட்டு வந்த அந்நாள், ஒக்டோபர் மாதத்து இரண்டாவது திங்கட்கிழமைக்குரியது என 1957ஆம் ஆண்டிலே பிரகடனஞ் செய்யப்பட்டது. நம்மவர் தைப்பொங்கலில் ஞாயிற்றுக்குப் பொங்கிப் படைப்பதை ஒத்தது அது. அவ்வாண்டு நவராத்திரி முடிந்த கையோடு அந்நாள் வந்து சேர்ந்தது.

தமக்கையாரின் மூத்த புதல்விக்கு வரும் வசந்தத்தில் திருமணம். மணமகன் கியூபெக் மாகாணத்துப் பிரெஞ்சு மொழிக் குடும்பத்தவன். அவனுடைய பெற்றோரும் உற்றாரும் முதன்முறையாக அவ்வில்லத்துக்கு விருந்தினராக வருவதாயிருந்தது. பெரிய சாப்பாட்டுக்கு முன்னே வைக்கும் பாற்கட்டிப் பலகையை அமைக்கும் பொறுப்பை மருமகள் தானே ஏற்றுக்கொண்டாள்.

அவள் அதனைச் செய்த ஒழுங்கு வியக்கத்தக்கது. விருந்தினரும் வீட்டாருமாகப் பதினான்கு பேர். ஆளுக்கு 40 கிராம் வீதம் கணக்கிட்டாற் போதும் என்றாள். மென்மையானது ஒன்று, இறுகிப் பழுத்தது ஒன்று, நீல நரம்பு ஓடியது ஒன்று என வகைக்கொன்றாகத் தெரிந்தெடுத்தாள். குளிரூட்டியில் இருந்து எடுத்தவுடன் பாற்கட்டிக்கு மணமுமில்லை, சுவையுமில்லை; ஆதலால் உண்பதற்கு ஒரு மணிநேரம் முன்னரே வெளியே எடுத்து வைத்தல் வேண்டும். மெல்லிய சுவையிற் தொடங்கிக் கடுஞ்சுவையில் முடியுமாறு வட்டமாக அடுக்குதல் வேண்டும். ஒன்றின் கத்தி மற்றொன்றைத் தீண்டலாகாது. தீண்டின் நீலப் பூஞ்சணத்தின் சுவை எல்லாவற்றிலும் ஏறிவிடும். இடையிடையே வாய்ச் சுவையைத் துடைப்பதற்கு ஆப்பிள் துண்டுகள். அவையும் 1811ஆம் ஆண்டளவில் யோன் மக்கின்ரொஷ் என்பவர் ஒன்ராறியோக் காட்டிலே கண்டெடுத்த, அவர் பெயரையே தாங்கிய ஆப்பிள்கள்.

பூஞ்சணம் பிடித்த பண்டத்தைக் குப்பையிலே கொட்டும் குடியிற் பிறந்த நமக்கு, பூஞ்சணத்தைப் பணங்கொடுத்து வாங்கி வெள்ளிக் கத்தியால் வெட்டுவது வேடிக்கையாகவே இருந்தது. ஆயினும் அந்நாட்டிலே பாற்கட்டி வேடிக்கைப் பொருளன்று. 1864ஆம் ஆண்டிலே ஹார்வி பாரிங்ரன் என்பவர் ஒன்ராறியோவிலே முதற் பாற்கட்டித் தொழிற்சாலையை நிறுவினார். இரண்டே ஆண்டுகளில் இங்கர்சொல் என்னும் ஊரார் 7,300 இறாத்தல் நிறையுள்ள ஒரே பாற்கட்டியைச் செய்து கடல் கடந்து இங்கிலாந்துக்கும் அனுப்பினர். அதனைப் பாடுவதற்கு அவ்வூரிலே ஒரு புலவரும் இருந்தார். தளபாட வணிகராகிய யேம்ஸ் மக்கின்ரயர் என்னும் அவரை இன்றும் ‘பாற்கட்டிப் புலவர்’ என்றே அழைக்கின்றனர். 1893இல் சிக்காகோப் பொருட்காட்சிக்கு அம்மாகாணத்துப் பேர்த் நகரிலிருந்து சென்ற பாற்கட்டியின் நிறை 22,000 இறாத்தல்! மன்னரைப் பாடிப் பரிசில் பெற்ற புலவரை அறிவோம். பாற்கட்டியைப் பாடிப் பெயர் பெற்ற புலவரை அங்கேதான் அறிந்தோம்.

இனி, எம் அன்னையாரைப் பற்றிக் கூறுதல் வேண்டும். 1995இல் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது கையிலொரு பையோடு நடந்து வெளியேறி, அடுத்த ஆண்டு மகளிடம் கனடா போய்ச் சேர்ந்தவர் அவர். பிறந்ததிலிருந்து சைவ உணவினர். வீடுவாசல், வளவு, கிணறு யாவற்றையும் விட்டுப் போனவர், விடாமற் கொண்டுபோனது அவ்வொழுக்கம் ஒன்றையே. இந்த நன்றி கூறும் நாளில் மட்டும் அவர் மாலை ஐந்து மணிக்கே தம் அறையிற் சோறுண்டு கதவைச் சாத்திக்கொள்வார். “அம்மம்மாவுக்குக் கூட்டம் பிடிக்காது” என்பது அவ்வீட்டாரின் முடிவு. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவ்வாறே நடந்து வந்திருக்கிறது. கூட்டம் பிடிக்காத அதே அம்மம்மா, கோயிற் திருவிழாவிலே ஆயிரம்பேர் நடுவே நின்று தேவாரம் பாடுவதை எவரும் இதனோடு ஒப்பிட்டுப் பார்த்ததில்லை.

மருமகள் ஒப்பிட்டுப் பார்த்தாள். கூட்டமன்று, மேசையிலுள்ள பண்டங்களில் எது தமக்குரியது, எது ஆகாதது என்று தெரியாமையே அம்மம்மாவை அறைக்குள் இருத்துகிறது என்பது அவள் ஊகம். “பாற்கட்டி பாலிலே செய்வதுதானே, அதையாவது அவ சாப்பிடலாமோ மாமா?” என்று எம்மைக் கேட்டாள்.

கேள்வி சிறிது, விடை சிறிதன்று. பாலைத் தயிராக்குவது புளிப்பு. பற்றீரியங்கள் பாலிலுள்ள வெல்லத்தை அமிலமாக்க, அவ்வமிலம் கேசீன் என்னும் புரதத்தை உறையச் செய்கிறது. பாற்கட்டிக்கோ பெரும்பாலும் புளிப்பு மட்டும் போதாது. றெனற் என்னும் உறைபொருள் வேண்டும். பால்குடி மாறாத கன்றின் நான்காம் இரைப்பையிலே சுரப்பது அது. அதிலுள்ள கைமோசின் என்னும் நொதியம், கேசீனைத் தாங்கிநிற்கும் ஒரு பகுதியை அரிந்துவிட, பால் இறுகிக் கட்டியாகின்றது. தாய்ப்பால் கன்றின் வயிற்றிலே தங்கிச் செரிப்பதற்காக இயற்கை செய்த ஏற்பாடு அது. அதனைப் பெறுவதற்குக் கன்று கொல்லப்பட வேண்டும். 1874இல் கோபன்கேகன் நகரிலே கிறித்தியான் ஹான்சன் என்பவர் அதனைச் சாறாக்கி விற்கத் தொடங்கினார். இன்றைக்கும் இத்தாலியரின் பார்மிசானோ ரெச்சானோவை விதிப்படி கன்றின் றெனற்றினாலேயே செய்தல் வேண்டும்.

ஆயினும் வேறு வழிகளும் உண்டு. போர்த்துக்கலிலே ஒருவகை முட்செடியின் பூவைக் கொண்டு பாலை உறைய வைப்பர். சில பூஞ்சணங்கள் அதே தொழிலைச் செய்யும் நொதியத்தைத் தருகின்றன. மூன்றாவது வழி புதியது. கன்றின் பரம்பரையலகை நுண்ணுயிரினுள்ளே புகுத்தி, அந்நுண்ணுயிரைக் கொண்டே கைமோசினைச் செய்விப்பது. 1990இல் அமெரிக்க ஐக்கிய நாடு இதற்கு அனுமதி வழங்கியது. இம்முறையிலே ஒவ்வொரு பாற்கட்டிக்கும் கன்று கொல்லப்படுவதில்லை. ஆனால் செய்முறைக் குறிப்பின் தலைப்பிலே கன்றின் பெயர் இருக்கிறது.

மருமகள் கடைகடையாய் ஏறி, பொதிகளின் பின்புறத்தை வாசித்து, வெறுமனே ‘நொதியம்’ என்று எழுதியவற்றை விலக்கி, மூன்றைக் கொண்டுவந்தாள். செடார், பூஞ்சண நொதியத்தால் உறைந்தது. நீல நரம்புடையது, மூன்றாவது வழியிற் செய்த கைமோசினால் உறைந்தது. பிரான்சிலிருந்து வந்த பிரீ, கன்றின் றெனற்றினால் உறைந்தது. இவற்றோடு, வீட்டிலேயே பாலுக்கு எலுமிச்சம்புளி விட்டுத் திரைத்துப் பிழிந்து பனீரும் செய்தாள்.

அடுக்களையிலே அப்போது ஒரு வழக்கு எழுந்தது. நீலக் கட்டியின் வரலாற்றை அன்னையாருக்குச் சொல்வதா, விடுவதா? “கன்று சாகவில்லைத்தானே. சொல்லாமல் விட்டால் ஆருக்குத் தெரியும்? வயதுபோன மனிசியை ஏன் குழப்புவான்?” என்றார் தமக்கையார். அவர் கூற்றிலே அன்பு இருந்தது. வஞ்சகம் சிறிதும் இல்லை. ஆனால் எமக்கு உடன்பாடில்லை. எது தம் நெறிக்கு அடங்கும், எது அடங்காது என்று எல்லை கீறும் உரிமை அந்நெறியைக் காத்தவருக்கே உரியது. அவருக்காக நாம் கீறிவிடுதல் அன்பேயானாலும் பறிப்பே என்றோம். மருமகள் நேரே அம்மம்மாவிடம் சென்று, தனக்குத் தெரிந்த தமிழில் யாவற்றையும் எடுத்துரைத்தாள். பரம்பரையலகு என்னும் இடத்தில் மட்டும் எமது உதவியை நாடினாள்.

அன்னையார் இறுதிவரை கேட்டார். பின்னர், “பூஞ்சணத்தாலை உறையிறது சரி. மற்றது எனக்கு விளங்கேல்லைப் பிள்ளை. விளங்காததை நான் வாயிலை வைக்கிறேல்லை” என்றார். சற்றுப் பொறுத்து, “எத்தினை மணிக்கு வருகினம்?” என்று கேட்டார்.

அம்மாலை அவர் சேலை மாற்றி, திருநீறு அணிந்து, மேசையின் தலைப்பிலே வந்தமர்ந்தார். பலகையிலே ஒவ்வொரு கட்டிக்கும் முன்னால் ஒரு சிறு சீட்டு. அதன் பெயரும், அது எதனால் உறைந்தது என்பதும் தமிழிலும் பிரெஞ்சிலும் அதில் எழுதப்பட்டிருந்தன.

சோதனை வேறு வடிவில் வந்தது. மணமகனின் தாயார் தம் ஊரின் பெருமையாகிய ஓக்காப் பாற்கட்டியிலே பெரிய துண்டொன்றை மெழுகுத்தாளிற் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். 1893இல் பிரான்சிலிருந்து வந்த அல்போன்ஸ் யுவான் என்னும் துறவி, ஓக்கா மடத்துத் திராப்பித்தத் துறவிகளிடையே செய்யத் தொடங்கிய பாற்கட்டி அது. இப்போது அதனை ஒரு கூட்டுறவு நிறுவனம் செய்கிறது. அவ்வம்மையார் முதற்றுண்டைத் தம் கையாலேயே வெட்டி, வீட்டுக்கு மூத்தவர் என்ற மதிப்போடு அன்னையாரிடம் நீட்டினார். பொதி நீங்கிய துண்டு; எதனால் உறைந்தது என்று எவருக்கும் தெரியாது. தமக்கையாரின் முகம் வாடியது. வாங்காவிட்டால் சம்பந்திக்கு அவமதிப்பு; வாங்கினால் எண்பது ஆண்டு ஒழுக்கத்துக்குப் பங்கம்.

அன்னையார் எழுந்து, இரு கைகளாலும் அத்தட்டை வாங்கினார். கண்ணில் ஒற்றாத குறையாகப் பிடித்து, தம் பேத்தியின் முன்னே வைத்தார். “நான் சாப்பிடுறேல்லை எண்டு சொல்லு. ஏன் எண்டும் சொல்லு. அவ கொண்டு வந்தது உனக்கு வந்தது எண்டும் சொல்லு” என்றார்.

மருமகள் பிரெஞ்சிலே மூன்றையும் சொன்னாள். அவ்வம்மையார் பலகையிலிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தார். பின், தம்முடைய பாட்டியார் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியைத் தீண்டமாட்டார் என்றும், சூப்பிலே கொழுப்பு மிதந்தாலும் தட்டைத் தள்ளிவிடுவார் என்றும் கூறிச் சிரித்தார். ஓக்கா மடத்துத் துறவிகளும் புலால் உண்ணாத விரதிகளே என்பதை நாம் எடுத்துக்கூற, உரையாடல் அவ்வழியே சென்றது. அத்துறவிகளின் கணக்கிலே கன்றின் உறைபொருள் புலாலில் அடங்கவில்லை. அன்னையாரின் கணக்கில் அடங்கியது. இரு கணக்கும் ஒரு மேசையில் இருந்தன. ஓக்காத் துண்டின் முன்னும் மருமகள் ஒரு சீட்டு எழுதி வைத்தாள்: ‘எதனால் உறைந்ததென அறியோம்.’

அன்னையார் செடாரிலே விரல்நக அளவு வெட்டி உண்டார். அதன் சுவை பற்றிக் கேட்டபோது, “உப்புக் கூடிப்போன பழந்தயிர்” என்று தீர்ப்பளித்துவிட்டுப் பனீரின் பக்கம் திரும்பினார். ஆனால் இரவு பத்து மணிவரை மேசையைவிட்டு எழவில்லை.

இங்கே சம்பவத்தைக் கூறியது பாற்கட்டியின் பெருமைக்காகவன்று. நம் திருமண வீடுகளிலும் இப்போது பலகை முறையே பெருகி வருகின்றது. நீண்ட மேசையிலே முப்பது வகைப் பண்டம் பரப்பி, விரும்பியதை எடுங்கள் என்கிறோம். நீரிழிவுக்காரர் ஒருவர், நிலக்கடலை ஒவ்வாத குழந்தை ஒன்று, விரதகாரர் ஒருவர் தட்டை ஏந்தியபடி தயங்கி நிற்பதை நாம் காண்பதில்லை. அவர்கள் அரைவயிற்றோடு வீடு திரும்பினால், கூட்டம் பிடிக்காதவர் என்று முடிவு கட்டுகிறோம். வள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். நாம் அதனோடு சேர்க்க வேண்டியது இரண்டு விரலளவு கடுதாசி மாத்திரமே. என்ன இட்டோம் என்று மறைக்காமல் எழுதி வைத்தால், உண்பதா விடுவதா என்பதை விருந்தினர் தாமே பார்த்துக்கொள்வர்.