படுக்கைப் புண்: மருந்து பாதி, மீதி?

பி.காம். படிக்கிறவனுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் எதற்கு என்று கேட்கப் போகிறவர்களுக்கு: பாட்டி இடுப்பெலும்பு முறிந்து மூன்று மாதமாகப் படுக்கையில். அந்த மூன்று மாதத்தில் நான் படித்ததுதான் இது. (அட்டெண்டன்ஸ் கதை வேறு!)

ஒரே பக்கமாகப் படுத்தே இருந்தால் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தோல் நசுங்கி, ரத்த ஓட்டம் தடைபட்டு, சதை செத்துவிடும். அதுதான் படுக்கைப் புண். பாட்டிக்கு வால் எலும்புக்கு மேலே வந்தது. கல்ச்சர் ரிப்போர்ட்டில் எம்.ஆர்.எஸ்.ஏ. என்று போட்டிருந்தது. மெத்திசிலின் என்ற மருந்து வந்தது 1959-இல். அதற்கு அடங்காத இந்தக் கிருமியை இங்கிலாந்தில் கண்டது 1961-இல். இரண்டே வருஷம்!

"விலை கூடின ஆன்டிபயாடிக்கா எழுதுங்க டாக்டர்" என்றார் சித்தப்பா. டாக்டர் மறுத்துவிட்டார். காய்ச்சல் இல்லை, சுற்றிலும் வீக்கம் பரவவில்லை, எலும்பைத் தொடவில்லை. செத்த சதையை எடுத்துவிட்டு, ஆன்டிசெப்டிக் வைத்துக் கட்டச் சொன்னார்.

இது ரொம்பப் பழைய வழி. முதல் உலகப் போரில், 1915-இல், பிரான்சில் ஹென்றி டேக்கின் என்ற வேதியியலாளரும் அலெக்சிஸ் காரெல் என்ற சர்ஜனும் சிப்பாய்களின் சீழ்ப்பிடித்த காயங்களை சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் (சுமார் 0.5%) கழுவினார்கள். பெனிசிலினே வராத காலம்! ஆன்டிபயாடிக் கிருமியின் ஏதோ ஒரு பாகத்தைக் குறிவைக்கும். கிருமி அந்தப் பாகத்தை மாற்றிக்கொண்டால் மருந்து செல்லாக்காசு. குளோரினும் அயோடினும் ஒரே சமயத்தில் பல இடங்களில் தாக்குவதால் எம்.ஆர்.எஸ்.ஏ.வும் சாகும். கூடவே, புதிதாக வளரும் நம் செல்களும் சாகும். அதனால்தான் அளவாக, கொஞ்ச நாள் மட்டும் போடுகிறார்கள். வீட்டில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துப் பார்க்காதீர்கள், ப்ளீஸ்.

எந்த ஆன்டிசெப்டிக் படுக்கைப் புண்ணைச் சீக்கிரம் ஆற்றும் என்று தெளிவாகச் சொல்ல முடியவில்லை என்றது 2016-இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு. மருந்து கிருமியைக் குறைக்கும், அவ்வளவுதான். அழுத்தத்தை யார் குறைப்பது? ராத்திரி பன்னிரண்டு, இரண்டு, நாலு என்று அம்மா எழுந்து பாட்டியைத் திருப்பிப் படுக்க வைக்கிறார். இரண்டு மணி இப்போது என் ஷிப்ட். மருந்துக்கடை பில்லில் வராத இந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது? காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தில் தேடிவிட்டேன், இல்லை.

உங்கள் வீட்டில் யாராவது படுத்த படுக்கையாக இருந்தால் குதிகால், இடுப்பு, வால் எலும்பு மூன்றையும் தினமும் பாருங்கள். அழுத்தினாலும் மறையாத சிவப்புதான் ஆரம்பம். நம் ஊர்க் கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. கையால் தொட்டுப் பாருங்கள். அந்த இடம் மட்டும் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.