முள் கீழே, சூடு மேலே: கேமரன் மலைப் பாதையில் ஒரு டீசல் காடி

கேமரன் மலைக்கு நீங்களும் போயிருப்பீர்கள். பள்ளி விடுமுறையில் பஸ் பிடித்து, பிள்ளைகளுக்கு ஸ்ட்ராபெரி வாங்கிக் கொடுத்து, தேயிலைச் சரிவில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருப்பீர்கள். இந்த முறை சன்னலோரம் உட்காராமல் எங்கள் காடியின் முன்னிருக்கைக்கு வாருங்கள். ஓட்டுநருக்கு எதிரே, குளிருக்கும் சூட்டுக்கும் நடுவில் ஆடுகிற ஒரு சின்ன முள் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே மலை ஏறுவோம்.

எங்கள் பயணத்துக்குக் காரணம் அம்மா. அவருடைய அண்ணன், அதாவது என் மாமா, ரிங்லெட் பக்கத்தில் இருக்கிறார். தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் லோரி ஓட்டி ஓய்ந்தவர். கண் அறுவை செய்துகொண்டு வீட்டோடு கிடக்கிறார் என்று சேதி வந்தது. மூன்று வருடமாகப் பார்க்காத அண்ணன். "நாளைக்கே போகணும்" என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றார்.

காடி என் அண்ணனுடையது. மூன்று கை மாறி வந்த பழைய டீசல் வண்டி. வாரத்தில் நான்கு இரவு பாசார் மாலாமுக்குச் சாமான் ஏற்றிப் போவது இதில்தான். இது படுத்தால் வீட்டில் அடுப்பும் படுக்கும். ஒரு வருடத்துக்கு முன் இந்த வண்டியில் சூட்டு முள் உச்சிக்கு ஏறியது. பட்டறைக்குக் கொண்டு போனார். அங்கே தெர்மோஸ்டட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, "இந்தச் சூட்டு ஊருக்கு அது எதுக்கு? இனிமே முள் ஏறவே ஏறாது" என்று அனுப்பிவிட்டார்கள். சொன்னபடியே முள் ஏறவில்லை. எந்நேரமும் கீழேயே கிடந்தது. அண்ணனுக்கு ஒரே நிம்மதி. ஆனால் டீசல் மட்டும் தண்ணீராய்ச் செலவானது. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறிய பிறகு, அந்தச் செலவு அவர் கழுத்தைப் பிடித்தது.

விடியற்காலை தாப்பாவில் பசியாறினோம். ரொட்டி சானாயும் கோப்பியும். அங்கிருந்து தானா ராத்தா சுமார் 60 கிலோமீட்டர். தாப்பா தாழ்நிலம், தானா ராத்தாவோ சுமார் 1,440 மீட்டர் உயரம். வில்லியம் கேமரன் என்ற வெள்ளைக்கார நில அளவையாளர் 1885இல் இந்த மலைப்பகுதியைக் கண்டு குறித்தார். அவர் பெயரே மலைக்கு நின்றது. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்துக் கன்று நட்டுக் கொழுந்து கிள்ளிய கைகளில் நம் பாட்டன் பாட்டிகளின் கைகளும் உண்டு. அதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஊர் எல்லை தாண்டியதும் வளைவுகள் தொடங்கிவிடும். ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பள்ளம். சாலையோரத்தில் ஓராங் அஸ்லி மக்கள் பெத்தாய்க் கொத்துகளைத் தொங்கவிட்டு விற்கிறார்கள். இரண்டாம் கியரும் மூன்றாம் கியருமாக வண்டி முனகிக்கொண்டு ஏறியது. முள்ளைப் பார்த்தேன். அடிமட்டத்திலேயே இருந்தது. "பாத்தியா, மலையில கூட சூடு ஏறல" என்றார் அண்ணன் பெருமையாக.

தாப்பாவிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் போனதும் சாலையை ஒட்டியே லாத்தா இஸ்கண்டார் அருவி வரும். அதற்குச் சற்று முன்பாக, பின்னால் இருந்த அம்மா மூக்கை உறிஞ்சினார்.

"டேய் பெரியவனே, தண்ணி வத்தின சட்டி காயிற மாதிரி வாடை வருது. வண்டியை நிப்பாட்டு."

"முள் கீழதானேம்மா இருக்கு?"

"முள்ளு கிடக்கட்டும். நான் நாப்பது வருசம் அடுப்புகிட்ட நின்னவ. நிப்பாட்டு."

அருவிக்கரையில் நிறுத்தினோம். முன்மூடியைத் தூக்கியதும் அனல் முகத்தில் அடித்தது. அண்ணன் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனார். அம்மா முந்தானையைப் பிடித்து இழுப்பதுபோல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். நல்ல வேளை. வாசகர்களே, இதை மட்டும் மறக்கவே மறக்காதீர்கள். அந்த மூடி உள்ளே அழுத்தத்தைக் கட்டி வைத்திருக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய், எல்லாம் ஒன்றாகப் பொங்கி முகத்தில் பாயும்.

முக்கால் மணி நேரம் அருவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அம்மா கொண்டுவந்த புளிச்சோறும் தீர்ந்தது. இஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, துணியைப் போட்டு மூடியை மெல்லத் திறந்தோம். உள்ளே தண்ணீர் கண்ணுக்கே தெரியவில்லை. கீழ் ரப்பர் குழாயின் கிளிப் தளர்ந்து, சொட்டுச் சொட்டாக ஒழுகியிருக்கிறது. முதலில் முள் ஏறியதற்கும் அதுதான் காரணமாக இருந்திருக்கும். கிளிப்பை முறுக்கிவிட்டு, இஞ்சினை ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினோம். நான்கு லிட்டருக்கு மேல் குடித்தது. சூடாக இருக்கும்போதே குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் இரும்பு வெடித்துப்போகும். அதனால்தான் அந்தக் காத்திருப்பு.

அப்படியானால் முள் ஏன் பொய் சொன்னது? பேராக் எல்லையைத் தாண்டிப் பகாங்குக்குள் நுழைந்து, ரிங்லெட் போய்ச் சேரும் வரை அண்ணன் இதையே கேட்டுக்கொண்டு வந்தார்.

மாமா கயிற்றுக் கட்டிலில் இருந்து எழுந்து வந்தார். தங்கையைப் பார்த்ததும் கண் கலங்கியது. அறுவை செய்த கண், துடைக்கவும் கூடாது. "இவ்வளவு தூரம் ஏன் புள்ள அலைஞ்சு வந்தே?" என்றார். ஆனால் கதையைக் கேட்டதும் ஆள் மாறிவிட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு காடிப் பக்கம் வந்துவிட்டார்.

"மாப்ளே, இந்த முள்ளுக்கு இஞ்சின் சூடு தெரியாது. சென்சார் சொல்றதுதான் தெரியும். சென்சாரைத் தண்ணி தொட்டாத்தான் அது சொல்லும். தண்ணியே இல்லைனா, அது காத்துல நின்னுக்கிட்டு 'குளிரா இருக்கு'ன்னு சொல்லும். உள்ளே இரும்பு வெந்துக்கிட்டு இருக்கும்."

பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினார். சாவியைத் திருப்பி வைக்கச் சொல்லி, சென்சார் கம்பியைக் கழற்றினார். முள் அடிக்கு விழுந்தது. அந்தக் கம்பியை ஒரு நொடி இஞ்சின் இரும்பில் தொட்டார். முள் உச்சிக்குப் பறந்தது. முள்ளும் கம்பியும் நல்லபடி இருக்கின்றன என்பதற்கு அது சாட்சி. அப்படித் தொட்டும் முள் அசையவில்லை என்றால் கம்பியிலோ மீட்டரிலோ கோளாறு. எண்ணெய் முள்ளும் சூட்டு முள்ளும் சேர்ந்து தப்பாகக் காட்டினால், இரண்டுக்கும் பொதுவான மின்சாரத்தில் தேட வேண்டும். இந்தச் சோதனை பழைய வண்டிகளுக்கு மட்டும்தான். கம்ப்யூட்டர் வைத்த புது வண்டிகளில் கம்பியைத் தொட்டு விளையாடாதீர்கள்.

அடுத்து எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தார். உட்புறம் பால்கோப்பி நிறத்தில் நுரை. "ஹெட் போச்சா மாமா?" என்று அண்ணன் வெளிறிப் போனார். ஹெட் கேஸ்கெட் போனால் ஆயிரக்கணக்கில் செலவு. மாமா எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்தார். எண்ணெய் சுத்தமாக இருந்தது. ரேடியேட்டரில் குமிழி வரவில்லை. குளிர்ந்த இஞ்சினைக் கிளப்பியதுமே குழாய் கல்லாக இறுகவும் இல்லை. "பொழச்சே. இது வேற ஒண்ணுமில்ல. இஞ்சின் ஒரு வருசமா சரியாச் சூடே ஆகல. உள்ளே வேர்த்த ஈரம் காயாம நுரையா நிக்குது."

டீசல் இஞ்சின் இயல்பிலேயே மெல்லச் சூடாகும். பெட்ரோல் இஞ்சினைவிடக் குறைவான வெப்பத்தையே வீணாக்கும். அதனால் வீட்டு வாசலில் அரை மணி நேரம் ஓடவிட்டாலும் அது சூடாவதில்லை, புகைதான் மிச்சம். கிளப்பி ஒரு நிமிடம் பொறுத்து, மிதமாக ஓட்டிச் சூடேற்றுவதே முறை. இப்படிப்பட்ட இஞ்சினில் தெர்மோஸ்டட்டையும் பிடுங்கிவிட்டால் என்ன ஆகும்? அது ஒரு சின்னக் கதவு. உள்ளே மெழுகு இருக்கிறது. 80 டிகிரியைத் தாண்டியதும் மெழுகு விரிந்து கதவைத் திறக்கும்; அதுவரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாது. கதவே இல்லாத இஞ்சின், வருடம் முழுக்க ஈரத் துணியைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிற மாதிரி. டீசல் கூடுதலாகக் குடிக்கும். எரியாத டீசல் எண்ணெயில் கலக்கும். உள்ளே தேய்மானம் ஏறும்.

"காய்ச்சலைக் குறைக்கச் சொன்னா, தெர்மாமீட்டரை ஐஸ்ல வச்சுட்டானுங்க" என்றார் மாமா.

மறுநாள் காலை பிரிஞ்சாங் உதிரிப்பாகக் கடையில் 38 வெள்ளிக்குப் புதுத் தெர்மோஸ்டட் வாங்கி வந்தோம். மாமா அதை நேரே பூட்டவில்லை. நூலில் கட்டி, அத்தையின் சட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பை மூட்டினார். பக்கத்தில் ஒரு வெப்பமானி. அவ்வளவு உயரத்தில் திறந்த சட்டித் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். சோறு வேக நேரமாவது அதனால்தான். ஆனால் தெர்மோஸ்டட்டைச் சோதிக்க அந்தச் சூடு போதும். 82 என்று பொறித்திருந்த அந்தக் கதவு, 82ஐ ஒட்டி மெல்ல வாய் திறந்ததை நாங்கள் எல்லாரும் குனிந்து பார்த்தோம். மாமாவும் தம் நல்ல கண்ணால் பார்த்தார். "இப்பப் பூட்டு" என்றார்.

பூட்டிய பின் மேல் குழாயைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். காற்றாடிப் பட்டையில் கை படாமல் தொட வேண்டும். இஞ்சின் கிளம்பிச் சில நிமிடங்கள் குழாய் குளிர்ந்தே இருந்தது. பிறகு சட்டென்று சுட்டது. அதுதான் சரி. தொடக்கத்திலிருந்தே குழாய் மெதுவாக வெதுவெதுப்பானால் கதவு திறந்தே கிடக்கிறது. முள் உச்சிக்கு ஏறியும் குழாய் சுடவில்லை என்றால் கதவு மூடியே கிடக்கிறது.

இறங்கும்போது மாமாவின் பழைய லோரிப் பாதையையே நானும் பார்த்துக்கொண்டு வந்தேன். இறக்கத்தில் முள் கொஞ்சம் தாழ்ந்தது. அண்ணன் பதறவில்லை. இறக்கத்தில் டீசல் எரிவதில்லை, சூடும் பிறப்பதில்லை என்று மாமா சொல்லி அனுப்பியிருந்தார். தாப்பா சமவெளியில் முள் மீண்டும் நடுவுக்கு வந்து நின்றது. ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக!

இரண்டு மாதம் கழித்து எண்ணெய் மூடியில் நுரை இல்லை. பாசார் மாலாம் கணக்கு நோட்டில் டீசல் செலவும் குறைந்தது.

வாசகர்களே, மலை ஏறும் முன் இஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே தண்ணீரைப் பாருங்கள். குழாய், கிளிப், பட்டை மூன்றையும் தொட்டுப் பாருங்கள். முள் ஏறினால் பயப்படுகிறோம். முள் ஏறாமலே இருந்தாலும் கேள்வி கேளுங்கள். யாராவது ஒரு பாகம் தேவையில்லை என்று கழற்றினால், அது அங்கே எதற்கு இருந்தது என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள். பின்னிருக்கையில் இருக்கும் அம்மா ஏதாவது வாடை வருகிறது என்று சொன்னால், முள்ளைப் பார்க்காமல் வண்டியை நிறுத்துங்கள்.

மாமாவுக்குக் கண் தெளிந்துவிட்டது. அடுத்த விடுமுறைக்கு மறுபடியும் போகிறோம்.