364 நாள் லீவு!

வருஷத்தில் ஒரே ஒரு நாள் டியூட்டி. பாக்கி 364 நாளும் லீவு. (லீப் வருஷமென்றால் போனஸாக இன்னும் ஒன்று.) இப்படி ஓர் உத்தியோகம் கிடைத்தால் வேண்டாம் என்பீர்களா? பி.காம். முடித்த நாளிலிருந்து நானும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்குத் தெரிந்து அந்த போஸ்ட்டில் இருப்பது ஒரே ஒருவர். கூடலூர் மலை உச்சியில் குடியிருக்கும் மங்கலதேவி கண்ணகி!

சித்ரா பௌர்ணமி அன்று மட்டும்தான் அங்கே பூஜை. அன்று மட்டும்தான் ஜனங்களுக்கு அனுமதி. கம்பம் பள்ளத்தாக்கில் இது குழந்தைக்குக்கூடத் தெரியும். சென்னையில் சொன்னால், "கண்ணகிக்குக் கோயிலா? பீச்சுல சிலைதானே இருக்கு?" என்று கேட்கிறார்கள்.

மதுரையை எரித்த கையோடு கண்ணகி வைகைக் கரையோரமாகவே மேற்கே நடந்தாள் என்கிறது சிலப்பதிகாரம். பதினாலாம் நாள் மலைமேல் ஒரு வேங்கை மரத்தடியில் நின்றாள். வானத்திலிருந்து கோவலன் வந்து கூட்டிப் போனான். பார்த்த குன்றவர்கள் போய்ச் சொல்ல, சேரன் செங்குட்டுவன் இமயமலையில் கல்லெடுத்து, தோற்றுப்போன கனக விசயர் தலையிலேயே அதை ஏற்றிக் கொண்டுவந்து கோயில் கட்டினான். டிரான்ஸ்போர்ட் செலவு பூஜ்யம். எந்த ஆடிட்டரும் வாயடைத்துப் போவார்.

அந்தக் கோயில் இந்தக் கூடலூர் மலைக் கோயில்தான் என்று 1963-ல் ஊருக்குச் சொன்னவர் தமிழறிஞர் சி. கோவிந்தராசனார். இல்லை, கொடுங்கல்லூர்தான் என்பவர்களும் உண்டு. புலவர்கள் சண்டையில் காமர்ஸ்காரனுக்கு என்ன வேலை? நான் மலை ஏறின கதைக்கு வருகிறேன்.

போக இரண்டு வழி. குமுளியிலிருந்து காட்டுப் பாதையில் ஜீப். அல்லது கூடலூரை அடுத்த பளியன்குடியிலிருந்து நடை, ஆறரை கிலோமீட்டர் சொச்சம். ஜீப்பில் போனால் முழங்கால் தப்பிக்கும், முதுகு மாட்டிக்கொள்ளும். நடந்தால் நேர் எதிர். குமுளி ஜீப் கியூவின் நீளத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும் நடப்பதென்று முடிவாயிற்று. கூட வந்தவர் தேனியில் கேஷியராக இருக்கும் நண்பர். அடிவாரத்தில் வனத்துறை செக்கிங். பிளாஸ்டிக் கூடாது என்று அவருடைய முறுக்கு பாக்கெட்டைப் பிரித்து, முறுக்கை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கைக்குட்டையில் மூட்டை கட்டிக்கொண்டு, கஜானாவைச் சுமப்பவர் மாதிரி வந்தார்.

சித்திரை வெயில். முதல் ஒரு மணி நேரத்தில் நாங்கள் மூன்று இடத்தில் உட்கார்ந்தோம். நாலாவது இடத்தில், வெறுங்காலோடு ஏறி வந்த ஒரு பாட்டியம்மா எங்களைப் பார்த்து நின்றார். எழுபது வயசாவது இருக்கும். தலையில் ஒரு தூக்குச்சட்டி.

"ஏந்தம்பி, ஆபீஸ் வேலையா பாக்குறீக?"

"எப்படி அப்பத்தா கண்டுபிடிச்சீங்க?"

"உக்காந்து உக்காந்து நடக்குறீகளே!"

அதற்கப்புறம் உச்சி வரை நாங்கள் உட்காரவில்லை.

மேலே போனதும் காற்று முகத்தில் அறைகிறது. மரமெல்லாம் கீழேயே நின்றுவிட, புல்மேடு. சுமார் 1,300 மீட்டர் உயரம். கீழே பார்த்தால் கம்பம் பள்ளத்தாக்கு மொத்தமும் விரித்துப் போட்ட கண்டாங்கிச் சேலை மாதிரி கிடக்கிறது: திராட்சைத் தோட்டம், தென்னை, வயல், நடுநடுவே ஊர்கள். 1895-ல் கட்டி முடித்த பெரியாறு அணைத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்து லோயர் கேம்ப்பில் இறங்குகிறதே, அது வரைந்த பச்சை. நானும் அதே தண்ணீரில் வளர்ந்தவன்தான்.

கோயில் என்றதும் கோபுரம், கொடிமரம் என்று கற்பனை செய்துகொண்டு போகாதீர்கள். சாந்து பூசாமல் கல் மேல் கல்லாக அடுக்கிய பழைய சந்நிதிகள். பாதி நிற்கிறது, பாதி சரிந்து கிடக்கிறது. மேல்கூரைக் கல் இடுக்கில் செடி வேர் விட்டிருக்கிறது. ஒரு சந்நிதியில் நம்ம ஊர்ப் பூசாரி, இன்னொன்றில் கேரளத்து நம்பூதிரி. போலீசும் இரண்டு மாநிலத்தது. மைக்கில் தமிழ், அப்புறம் மலையாளம். கோயில் யார் எல்லையில் இருக்கிறது என்பதில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் அன்றைக்கு ஒரு நாள் தேனி கலெக்டர் ஆபீசும் இடுக்கி கலெக்டர் ஆபீசும் சேர்ந்து வேலை பார்க்கின்றன. கூடுதல் அதிசயம் அதுதான் என்பேன்.

அலங்காரத்தில் கண்ணகி ஜொலித்தாள். பெண்கள் வளையலும் மஞ்சளும் கொண்டுவந்து வைத்தார்கள். புருஷனைப் பறிகொடுத்தவளிடம் போய்த் தாலி பாக்கியம் கேட்கிறார்கள். அந்த வலி தெரிந்தவளிடம் கேட்பதுதான் சரி என்று நினைத்திருக்கலாம். அப்பத்தா தூக்குச்சட்டியைத் திறந்து, எங்கள் கையில் ஆளுக்கொரு உருண்டை பொங்கல் வைத்தார்.

ஒரு பாறையில் உட்கார்ந்தோம். கேஷியர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "கோயில்னா ஒரு நந்தவனம் இருக்கணுமேப்பா, எங்கே?" என்றார்.

நம்மூர் நந்தவனங்கள் பலவற்றின் கதி உங்களுக்குத் தெரியும். போர்டு இருக்கும். உள்ளே டூவீலர் ஸ்டாண்டு இருக்கும். இங்கே போர்டு இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் காடுதான். அன்றைக்கு அவள் நின்றது வேங்கை மரத்தடியில். இன்றைக்குச் சுற்றிலும் நிஜ வேங்கை! 1978 முதல் பெரியாறு புலிகள் காப்பகம் இது. இவ்வளவு பெரிய தோட்டக்காரர் எந்தக் கோயிலுக்குக் கிடைத்திருக்கிறார்?

ஜப்பானில் கியோட்டோ நகரத்தில் சைஹோஜி என்று ஒரு பௌத்தக் கோயில். (என் பாஸ்போர்ட் அட்ரஸ் புரூஃப் தவிர வேறெதற்கும் பயன்பட்டதில்லை. படித்ததைத்தான் சொல்கிறேன்.) 1339-ல் முசோ சொசேகி என்ற துறவி அந்தத் தோட்டத்தைத் திருத்தி அமைத்தார். இன்றைக்கு உலகமே வியப்பது அங்கே கம்பளம் விரித்தாற்போல் படர்ந்திருக்கும் பாசியை. நூற்றிருபது வகையாம்! வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாசியை யாரும் நடவில்லை. பிற்காலத்தில் மடத்தில் பராமரிக்கக் காசில்லாமல் போனபோது தானாக வந்து படர்ந்தது. பட்ஜெட் பற்றாக்குறையில் உருவான அழகு! அப்புறம் கூட்டம் வந்து மிதித்துத் துவைக்க, 1977-ல் கதவைச் சாத்திவிட்டார்கள். முன்கூட்டியே தபால் கார்டு போட்டு அனுமதி வாங்கினால்தான் உள்ளே போக முடியும் என்று சட்டம். இப்போது கம்ப்யூட்டரிலும் பதியலாமாம். உள்ளே போனதும் முதலில் சூத்திரத்தை எழுத வைத்து, மனசை அடக்கிவிட்டுத்தான் தோட்டத்தைக் காட்டுவார்களாம்.

இதைச் சொன்னதும் கேஷியர் சூடாகிவிட்டார். "அதெல்லாம் ஜப்பான்காரனுக்கு. நமக்கு பளியன்குடியிலேருந்து ஒரு தார் ரோடு போடணும். முடிஞ்சா ஒரு ரோப் கார். வருஷம் பூரா திறந்து வெச்சா எவ்வளவு வருமானம்!"

நியாயம்தான். ரோடு கேட்டு இந்தப் பக்கத்து ஜனங்கள் பல வருஷமாகக் குரல் கொடுக்கிறார்கள். முழங்கால் வலியோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் என் அம்மாவும் அதில் ஒருத்தி. ஆனால் ரோடு வந்தால் பின்னாலேயே பரோட்டா கடை வரும், பாட்டில் வரும், ஸ்பீக்கர் வரும். யானை எந்தப் பக்கம் போகும்? எனக்கென்னவோ ஒரு நாள் போதும் என்றுதான் படுகிறது.

ஆனால் அந்தக் கற்கள் விஷயம் வேறு. 364 நாள் லீவு அம்மனுக்குச் சரி, சுவருக்குக் கிடையாதே! மழையும் வேரும் தினசரி டியூட்டி பார்க்கின்றன. எல்லைக் கணக்கு டேலி ஆகிற வரை சரிந்த கல் காத்திருக்குமா? இரண்டு சர்க்காரும் வழக்கை ஒரு பக்கம் வைத்துக்கொண்டே, விவரம் தெரிந்த சிற்பிகளை அனுப்பி முட்டுக் கொடுக்கலாம். சேர்ந்து மைக் கட்டத் தெரிந்தவர்களுக்கு இது முடியாதா?

சாயங்காலத்துக்குள் எல்லோரையும் கீழே இறக்கிவிட்டார்கள். வீட்டுக்குப் போய் குங்குமத்தையும் வளையலையும் அம்மாவிடம் கொடுத்தேன். கோயில் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். சரிந்த சுவரையும் சொன்னேன்.

"அடுத்த சித்திரைக்கு ஜீப்புல கூட்டிட்டுப் போறேம்மா. முதுகுக்குத் தலகாணி கட்டிக்கலாம்."

"அதுவரைக்கும் அந்தச் செவரு நிக்குமாடா?" என்று கேட்டுவிட்டு, வளையலை அளவு பார்க்க ஆரம்பித்தாள்.