ஸ்டுட்கார்ட்டின் நாலு மணி, சென்னையின் எட்டரை

அக்டோபரின் கடைசி ஞாயிறு அதிகாலையில் ஜெர்மனி முழுக்கக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் பின்னுக்குப் போயின. இனி மார்ச் கடைசி ஞாயிறு வரை குளிர்கால நேரம்தான். ஸ்டுட்கார்ட்வாசிகளுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் தூக்கம் கிடைத்தது. அங்கே ஒரு நிறுவனத்தின் மென்பொருள் பிரிவில் வேலை பார்க்கும் மதுரைக்காரப் பெண்ணுக்கு, திங்கள் காலையில் சென்னை டீமிலிருந்து வாட்ஸப் வந்தது: "அக்கா, இனிமே மீட்டிங் எட்டரைக்கா? அதுக்குள்ள பாப்பா தூங்கிடுவாக்கா."

இரண்டு ஊர்களும் சேர்ந்து பேசும் அந்தக் கூட்டம் ஜெர்மன் நேரப்படி மாலை நாலு மணிக்கு. கோடையில் அது சென்னையில் ஏழரை. கடிகாரம் பின்னுக்குப் போனதும் எட்டரை. ஜெர்மனியில் யாருடைய நாலு மணியும் நகரவில்லை. சென்னையில்தான் ஒரு மணி நேரம் பறிபோனது. கூட்டம் முடிந்து, பேசியதையெல்லாம் குறித்து அனுப்பிவிட்டு லேப்டாப்பை மூடும்போது பத்தைத் தாண்டிவிடும். ஒவ்வொரு நவம்பரிலும் இதே கதைதான். யாரும் வாய் திறந்ததில்லை.

இந்த முறை மதுரைக்காரர் பேசினார். கூட்டத்தை மூன்று மணிக்கு வைக்கலாமா என்று கேட்டார். முடியாது என்றார் ஜெர்மன் சக ஊழியர் ஒருவர். மூன்று மணிக்கு அவர் பிள்ளையை மழலையர் பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டும். அதைச் சொல்ல அவர் தயங்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. யாரும் முகம் சுளிக்கவும் இல்லை. அப்படியானால் காலை பத்து மணி, சென்னையில் மதியம் இரண்டரை என்று முடிவானது. ஐந்து நிமிடத்தில் தீர்ந்த விஷயம். பிறகு ஒருவர் நிஜமான வியப்போடு கேட்டார்: "இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை? சென்னை டீமைக் கேட்டபோதெல்லாம் பிரச்சினை இல்லை என்றுதானே சொன்னார்கள்?"

'பரவாயில்ல, மேனேஜ் பண்ணிக்கலாம்' என்பதற்குள் எவ்வளவு சோர்வு இருக்கிறது என்று ஸ்டுட்கார்ட்டில் யாருக்குத் தெரியும்?

அந்த ஜெர்மானியரின் தயக்கமின்மை அவருடைய தனித் துணிச்சல் அல்ல. பின்னால் ஒரு சட்டம் நிற்கிறது. 1994-ஆம் ஆண்டின் வேலை நேரச் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை. அவசியமானால் 10 வரை போகலாம்; ஆனால் ஆறு மாதச் சராசரி 8-ஐத் தாண்டக்கூடாது. ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் 30 நிமிட இடைவேளை, ஒன்பதைத் தாண்டினால் 45 நிமிடம். இதெல்லாம் பல நாடுகளில் இருப்பதுதான். விசேஷம் ஐந்தாவது பிரிவில் இருக்கிறது: ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த நாள் வேலை தொடங்கும்வரை இடையில் 11 மணி நேரம் ஓய்வு இருக்க வேண்டும், அதுவும் இடைவிடாமல்.

இதை நடைமுறையில் பார்த்தால்தான் வீரியம் புரியும். ஒருவர் அமெரிக்கக் கிளையோடு பேசிவிட்டு இரவு பத்தரைக்கு எழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலை ஒன்பதரைக்கு முன்னால் அவர் வேலையைத் தொடங்கக்கூடாது. எட்டு மணிக்கு முக்கியமான கூட்டம் இருந்தால் கூட்டம்தான் தள்ளிப்போகும். "எனக்குச் சோர்வே இல்லை, வந்துவிடுகிறேன்" என்று ஊழியரே ஆசைப்பட்டாலும் பொறுப்பு நிறுவனத்தின் தலையில். மீறினால் அபராதம் 30,000 யூரோ வரை போகலாம். நடுவில் பதினொரு மணிக்கு ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் போட்டால் அந்தப் பதினொரு மணி நேரம் மீண்டும் முதலிலிருந்து தொடங்குமா என்பதே அங்கே சட்ட வல்லுநர்கள் உட்கார்ந்து விவாதிக்கும் கேள்வி. மருத்துவமனை, உணவகம் போன்ற இடங்களுக்குச் சில தளர்வுகள் உண்டு; உயர் நிர்வாகிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது. மற்ற எல்லோருக்கும் இரவு என்றால் இரவு.

பெரிய நிறுவனங்கள் சட்டத்துக்கும் ஒரு படி மேலே போயிருக்கின்றன. 2011-இல் வோக்ஸ்வாகன், ஊழியர்களே தேர்ந்தெடுக்கும் ஊழியர் மன்றத்தோடு செய்த ஒப்பந்தப்படி, ஷிஃப்ட் முடிந்த அரை மணி நேரத்தில் ஊழியர்களின் அலுவலக பிளாக்பெர்ரிக்கு மின்னஞ்சல் போவதை நிறுத்தியது. ஸ்டுட்கார்ட்டைத் தலைமையிடமாகக் கொண்ட டைம்லர் 2014-இல் இன்னொன்று செய்தது: விடுப்பில் இருப்பவர் விரும்பினால், அவருக்கு வரும் மின்னஞ்சல் தானாகவே அழிந்துவிடும், அவசரத்துக்கு யாரை அணுகலாம் என்ற தகவல் அனுப்பியவருக்குப் போகும். விடுப்பு முடிந்து வருபவரை நூற்றுக்கணக்கான கடிதங்கள் வரவேற்காது.

இவை எதுவும் முதலாளிகள் மனமிரங்கிக் கொடுத்தவை அல்ல. 1984-இல் இதே ஸ்டுட்கார்ட் வட்டாரத்து உலோகத் தொழிலாளர்கள் வாரத்துக்கு 35 மணி நேரம் கேட்டு ஏழு வாரம் வேலை நிறுத்தம் செய்தார்கள். மேற்கு ஜெர்மன் பகுதிகளில் அது முழுமையாகக் கைகூட 1995 ஆனது. நாளைக்கு எட்டு மணி நேரம் என்பதே 1918 நவம்பரில், உலகப் போர் முடிந்த கொந்தளிப்பில் வாங்கியது.

1918 என்றதும் ஒரு தமிழருக்கு நெஞ்சு நிமிரத்தான் செய்யும். அதே ஆண்டு ஏப்ரலில் பெரம்பூரில் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் முன்னின்றார்கள், பி.பி. வாடியா தலைமை ஏற்றார்; திரு.வி.க. தோள் கொடுத்தார். மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது அந்தத் தொழிலாளர்களின் குறைகளில் ஒன்று. ஐந்தே ஆண்டுகளில் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழகச் சட்டப்பேரவையில் நிறைவேறியபோது, எதிர்ப்பு கிளம்பிய சில நாட்களிலேயே அது நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. இப்படிப்பட்ட ஊரின் பிள்ளைகள்தான் பழைய மாமல்லபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களில் இரவு பத்து மணிக்கு 'நோ இஷ்யூஸ்' என்று தட்டச்சு செய்கிறார்கள்.

ஏன்? அப்ரைசல் ஒரு காரணம். ஆன்சைட் வாய்ப்பு இன்னொன்று. கிளையண்ட் சொன்னால் மறுபேச்சில்லை என்று முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பயிற்சி எல்லாவற்றுக்கும் மேல். வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி 2023-இல் சொன்னதும், அதை 90 ஆக்கி ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து எல் அண்ட் டி தலைவர் பேசியது 2025 ஜனவரியில் வெளிவந்ததும், பேசத் தயங்குபவரின் வாயை இன்னும் இறுக்கத்தான் செய்யும்.

ஆனால் ஜெர்மன் அலுவலகத்தை ஒரேயடியாகக் கொண்டாடவும் மனம் வரவில்லை. போன குளிர்காலத்தில் மதுரைக்காரர் காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தார். சம்பளம் பிடிக்கவில்லை, ஆறு வாரம்வரை நிறுவனம் முழுச் சம்பளம் தர வேண்டும் என்பது சட்டம். என்ன நோய் என்று கேட்கவும் நிறுவனத்துக்கு உரிமை இல்லை. அவர்கள் கேட்கவும் இல்லை. ஒரு போன் வரவில்லை. நோயாளியைத் தொந்தரவு செய்யாதிருப்பதுதான் அங்கே மரியாதை. சென்னையில் என்றால் பக்கத்து இருக்கைத் தோழி மிளகு ரசத்தோடு வந்து நின்றிருப்பாள், ஹெச்ஆர் அக்காவே "டாக்டரைப் பார்த்தியாம்மா?" என்று நாலு முறை விசாரித்திருப்பார். ஒருவர் கல்யாணத்துக்கு மொத்த டீமும் வேன் பிடித்துத் திண்டுக்கல் போவதும், யாருடைய அப்பாவுக்கோ அறுவை சிகிச்சை என்றால் ஆறு பேர் ரத்தம் கொடுக்க நிற்பதும் சென்னையில் சாதாரணம். மாலை ஆறு மணிக்குப் பிறகு சக ஊழியர் யாரென்றே தெரியாத ஊரில், ஜன்னலுக்கு வெளியே நாலரைக்கே இருட்டிவிடும் டிசம்பரில், ஓய்வு நேரம் சில நாள் பாரமாகவே இருக்கிறது. சென்னைக்காரர்களின் இந்த ஒட்டுதலை ஜெர்மனி எந்தச் சட்டம் போட்டும் உண்டாக்க முடியாது. அதே ஒட்டுதலைக் காட்டித்தான் சென்னையில் ராத்திரி வேலையும் வாங்கிவிடுகிறார்கள் என்பதே ஆற்றாமை.

உண்மையில் ஜெர்மானியரின் மாலை நேரத்தில் ஒரு பங்குக்குச் சென்னையின் இரவு விலை கொடுத்துக்கொண்டிருக்கிறது. சட்டம் எல்லையோடு நின்றுவிடுகிறது, வேலை நிற்பதில்லை.

அந்த எல்லையிலும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள ஜெர்மன் விநியோகச் சங்கிலிச் சட்டம், பெரிய நிறுவனங்கள் வெளிநாட்டில் வேலை வாங்கும் இடங்களிலும் தொழிலாளர் பாதுகாப்பைக் கவனிக்கச் சொல்கிறது. வேலை நேரமும் இடைவேளையும் சரியில்லாததால் வரும் உடல், மனச் சோர்வையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தளர்த்தும் முயற்சிகள் நடந்தாலும் அந்த வாசகத்தைக் காட்டிக் கேள்வி கேட்கலாம். கேட்கும் இடம் ஊழியர் மன்றம். நாலு ஆண்டுகளுக்கு ஒருமுறை மார்ச் முதல் மே வரை அதற்குத் தேர்தல் நடக்கும். நிறுவனத்தில் ஆறு மாதம் வேலை பார்த்த, பதினெட்டு வயது நிறைந்த ஊழியர் போட்டியிடலாம். எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று யாரும் பார்ப்பதில்லை. ஸ்டுட்கார்ட்டிலும் மூனிக்கிலும் இத்தனை தமிழர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலராவது நிற்க வேண்டும். சென்னையில் மாலை ஏழு மணிக்கு மேல் கூட்டம் கிடையாது என்று ஒப்பந்தத்திலேயே எழுத வைப்பது அவர்களுடைய முதல் கோரிக்கையாக இருக்கட்டும்.