கத்துகிற கருவியின் வாயை அடைக்காதே, பிள்ளை

பயிற்சி முடிந்துவிட்டது, அடுத்த மாதம் முகமாலையில் கண்ணிவெடி அகற்றுகிற வேலை தொடங்குகிறாய் என்று உன் அம்மா சொன்னா. சந்தோஷம். பயிற்சியில் சொல்லித்தந்த எதையும் நான் மாற்றிச் சொல்லப்போவதில்லை. ஆனால் பயிற்சி நிலத்தில் புதைத்து வைக்கிறதும் பயிற்சி தருகிறவர்கள்தான், தேடச் சொல்கிறதும் அவர்கள்தான். அங்கே டிடெக்டர் சொன்னபடி கேட்கும். உண்மையான வெடி நிலத்தில் ஒருநாள் காலையில் திடீரென்று கண்ட கண்ட இடமெல்லாம் கத்தும். கத்திய இடத்துக்குத் திரும்ப வந்தால் பேசாமல் இருக்கும். அந்த நேரத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

செய்யக்கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன். உணர்திறனைக் குறைக்காதே. வெயில் உச்சியில் நிற்கும், முகக்கவசத்துக்குள் வியர்வை வழியும், காதுக்குள் ஓயாத கீச்சுச் சத்தம். திருகைக் கொஞ்சம் திருப்பினால் நிம்மதி என்று கை தானாகப் போகும். போகவிடாதே. நீ தேடப்போகிறவற்றில் பி-4 என்கிற பாகிஸ்தான் மிதிவெடியும் ஒன்று. வெளிக்கூடு பிளாஸ்டிக், உள்ளங்கையில் அடங்கிவிடும், உள்ளே இருக்கிற உலோகம் மிகச் சொற்பம். உணர்திறனைக் குறைத்தால் முதலில் ஊமையாகிறது அதுதான். ஷெல் சிதறலும் முள்ளுக்கம்பியும் அப்போதும் கத்திக்கொண்டேயிருக்கும். தொல்லை குறைந்தமாதிரி இருக்கும், வேலை ஓடுகிறமாதிரியும் இருக்கும், தேடி வந்த சாமானை மட்டும் விட்டுவிட்டு முன்னுக்குப் போய்க்கொண்டிருப்பாய். வீட்டில் சத்தம் போடுகிற ஒருத்தரை அதட்டி இருத்திவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று சொல்கிற குடும்பங்களை நம் ஊரில் நீயும் கண்டிருப்பாய். அங்கே என்ன தீர்ந்தது?

கருவி கத்தினால் உடனே நிற்பாட்டு. எல்லைக் குச்சி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். துப்புரவாக்கிய பாதையால் பின்னுக்கு வந்து, கருவியின் தலையை இடுப்பளவுக்கு உயர்த்திப் பிடி. இந்த ஒரு அசைவிலேயே பாதிச் சந்தேகம் தீரும். உயர்த்தியதும் அடங்கினால் காரணம் நிலத்தில் இருக்கிறது. உயர்த்தியும் அடங்காவிட்டால் கருவியிலோ காற்றிலோ. காற்று என்று நான் சொல்வது மின்கம்பி, தொலைபேசிக் கோபுரம், வாகனத்து ரேடியோ, யாரோ பொக்கற்றில் மறந்துவிட்ட போன், பக்கத்துப் பாதையில் வேலை செய்கிறவரின் டிடெக்டர், இதெல்லாம். தலையைச் செங்குத்தாக நிமிர்த்தி மெதுவாகச் சுற்றிப் பார். ஒரு பக்கம் கூடி இன்னொரு பக்கம் குறைந்தால் சத்தம் வெளியிலிருந்து வருகிறது. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரேமாதிரி என்றால் கருவியைப் பார்க்கவேண்டும்.

அதற்கு முதல் உன்னைப் பார். நின்றபடி தேடும்போது பிழையில்லை. தண்டைக் குறுக்கி முழங்காலில் இருந்து தேடும்போதுதான் கையும் காலும் கருவியின் தலைக்குக் கிட்ட வந்துவிடும். காப்பு, மணிக்கூடு, இடுப்புப்பட்டிக் கொளுக்கி, சப்பாத்துக்குள் இருக்கிற இரும்பு, புல் வெட்டிவிட்டுப் பக்கத்தில் வைத்த கத்தரி, எல்லாம் அதன் காதில் விழும். உன்னோடு வேலை செய்யப்போகிற அக்காமாரைக் கவனி. காலையில் கவச உடுப்பைப் போட முதல் சட்டையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி மூடியுள்ள போத்தலில் போட்டுவிட்டுத்தான் சிலர் வருவார்கள். அவர்களிடம் படிக்கிறது எந்தக் கையேட்டிலும் இல்லை.

பிறகு கருவி. வயர் தலைக்குள் நுழைகிற இடத்தில் பிடித்து மெல்ல ஆட்டு. ஆட்டும்போது சத்தம் மாறினால் கள்ளன் அங்கே. வயர் தண்டோடு இறுக்கிச் சுற்றியிருக்கவேண்டும், தொங்கி ஆடினாலும் கத்தும். கருவித் தலையின் அடிக்கவசத்தைக் கழற்றித் தட்டினால் ஈர மணல் கொட்டும், துடை. பற்றரிப் பெட்டியைத் திற. உப்புக்காற்றில் உலோக முனைகளில் பச்சை பூத்திருக்கும். பாவித்த பற்றரியோடு புதியதைக் கலந்து போட்டு மிச்சம் பிடிக்காதே. இதையெல்லாம் ஒரே மூச்சில் செய்யாதே, அதுதான் முக்கியம். மூன்றையும் சேர்த்து மாற்றினால் கருவி அடங்கிவிடும், ஆனால் எது குற்றவாளி என்று உனக்குத் தெரியாது. நாளைக்கு அதுவே திரும்பவும் வரும். ஒன்றை மாற்று, கருவியைச் சோதிக்கவென்று வைத்திருக்கிற சோதனைத் துண்டின்மேல் வீசிப் பார், பிறகு அடுத்ததைத் தொடு.

நிலத்தின் கதை பெரிது. டிடெக்டர் மண்ணுக்குள் ஒரு காந்தப்புலத்தை அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் எழுந்து பதில் தரும். பதில் தருவது உலோகம் மட்டும் என்றால் நமக்குக் கவலையில்லை. செம்பாட்டு மண்ணிலும் கிரவலிலும் இருக்கிற இரும்புத் தாதும் பதில் சொல்லும். முகமாலையிலிருந்து ஆனையிறவுப் பக்கம் இறங்கினால் உப்பு. மழை பெய்து உப்புத்தரை நனைந்தால் மின்சாரம் கடத்தும், நிலமே சத்தம் போடும். காலை ஈரத்தில் நிலத்துக்கு ஏற்றபடி சரிசெய்த கருவி, மத்தியானம் தரை காய்ந்ததும் ஒத்துவராது; உலோகம் இல்லாத இடத்தில் வைத்துத் திரும்பச் சரிசெய்யவேண்டும். எரிந்த மண்ணும் அப்படித்தான். நெருப்பின் சூட்டில் மண்ணிலுள்ள இரும்புத் தாது மாறி, காந்தத்தன்மை கூடிவிடும். சமைத்த அடுப்படி, குப்பை எரித்த இடம், தீப்பிடித்த பனங்குற்றிப் பங்கர், இவற்றின் ஓரத்தில் கருவி குரல் மாறினால் ஆச்சரியப்படாதே. பங்கர் என்றால் ஆணியும் இருக்கும், அதையும் மறக்காதே.

முகமாலை பல வருடம் முன்னரங்காக இருந்த நிலம். அங்கே சிதறலுக்குப் பஞ்சமில்லை. சில இடங்களில் டிடெக்டரைக் கீழே வைத்துவிட்டு ரேக்கால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பார்க்கிற முறையே வசதி என்று முடிவெடுப்பார்கள். அது உன் மேற்பார்வையாளரின் வேலை. உன் வேலை, ஒவ்வொரு சத்தத்தையும் புதிதாகக் கேட்பது. பத்து ஆணி எடுத்த பிறகு வருகிற சத்தமும் ஆணியாகத்தான் இருக்கவேண்டும் என்று மண்ணுக்கு ஒரு கட்டாயமும் இல்லை.

இங்கே ஒரு பழைய கதை. 1881 ஜூலை 2ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டை வாஷிங்டன் ரயில் நிலையத்தில் சுட்டார்கள். குண்டு உடலுக்குள் எங்கே நிற்கிறது என்று வைத்தியர்களுக்குத் தெரியவில்லை. தொலைபேசியைத் தந்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல் உலோகம் தேடுகிற ஒரு கருவியோடு வந்தார். பழைய போரில் குண்டு பட்டு அது உடலிலேயே தங்கிவிட்ட ஆட்களில் சோதித்தபோது கருவி சரியாகச் சொன்னது. ஜூலை 26ஆம் திகதி வெள்ளை மாளிகையில் ஒரே இரைச்சல். திரும்பிப் போய்ப் பார்த்தால் ஒரு பாகத்தைப் பிழையாக இணைத்திருக்கிறார்கள். திருத்திக்கொண்டு ஆகஸ்ட் 1ஆம் திகதி மறுபடி வந்தார். இம்முறை அகலமான ஒரு பரப்பில் மெல்லிய சத்தம். படுக்கையின் மேல் மெத்தைக்குக் கீழே இரும்புக் கம்பி மெத்தை ஒன்று இருக்கிறது என்று அவருக்குத் தெரியவந்தது அதற்குப் பிறகுதான். கம்பிதான் கருவியைக் குழப்பியது என்று இன்றைக்கும் கதை சொல்வார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. குண்டு வலப்பக்கம் இருப்பதாகத் தலைமை வைத்தியர் முன்பே முடிவுகட்டியிருந்தார், அந்தப் பக்கம்தான் தேடவிட்டார். தெளிவில்லாத அந்தச் சத்தத்தையும் தன் முடிவுக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார். செப்டம்பர் 19ஆம் திகதி கார்ஃபீல்ட் இறந்தார். வெட்டிப் பார்த்தபோது குண்டு இடப்பக்கம். சத்தம் குழம்பியிருக்கும்போது மனிதருக்குத் தான் விரும்புவதுதான் கேட்கும். ஆணி என்று நம்பினால் ஆணி கேட்கும், ஒன்றும் இல்லை என்று நம்பினால் ஒன்றும் கேட்காது.

இனிக் கசப்பான பகுதி. இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடிகளைத் தடைசெய்கிற ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது, நிலத்தைத் துப்புரவாக்கி முடிக்க 2028 ஜூன் என்று கெடுவும் இருக்கிறது. ஆகவே நாளுக்கு இத்தனை சதுர மீற்றர் என்ற பேச்சு உன் காதிலும் விழும். கருவி கத்துகிறது என்று நீ பாதையை விட்டு வந்தால் யாராவது முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். என்ன நேரம், எந்தப் பாதை, எதை மாற்றியதும் அடங்கியது என்று பதிவுப் புத்தகத்தில் எழுது. காரணம் பிடிபடாவிட்டால் அதையும் அப்படியே எழுதி, வேறு கருவி கேள். அது வருமட்டும் நிழலில் இருந்து தண்ணி குடி. வேறு கருவி வந்ததும் முன்னுக்குப் போகக்கூடாது. பழைய கருவி சோதனைத் துண்டில் கடைசியாகச் சரியாகப் பதில் சொன்னது எப்போது என்று பார். அதற்குப் பிறகு அதனால் தேடிய நிலம் எவ்வளவோ, அவ்வளவையும் திரும்பத் தேடவேண்டும். உன் குச்சிகளை நீயே பின்னுக்கு நகர்த்தவேண்டிவரும். சில நாளில் காலையிலிருந்து செய்த முழுதும் போகும்.